நெல்லின் பிணைப்பிடங்களுக்கு ஒரு தரவுத்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஊர் கொழிஞ்சாம்பாறை. வீட்டிலும் சந்தையிலும் தமிழ், கிராம அலுவலகத்தில் மலையாளம் என்று இரண்டு மொழியிலும் புழங்குகிற ஊர். இங்கே நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, நெல்லின் படியெடுப்புக் காரணிகள் டிஎன்ஏவில் எங்கெங்கே பிணைகின்றன என்ற தகவலை ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கும்படி தொகுத்துவருகிறோம். மாணவர்கள், ஆசிரியர்கள், வயலுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்க்கிற பெரியவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பிணைப்பிடம் என்றால் என்ன? எனக்கு உயிரியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

பத்தாம் வகுப்பு போதும். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டி நம் பக்கத்து வாய்க்கால்களுக்கு வருகிறது. வாய்க்கால் நிறைய ஓடினாலும் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. எந்த மடையை, எப்போது, எவ்வளவு திறப்பது என்று ஒருவர் வந்து கைவைத்தால்தான் பாயும். நெற்பயிரின் ஒவ்வொரு செல்லிலும் இதேதான் நடக்கிறது. நெல்லின் மரபுத்தொகுதி 12 குரோமோசோம்களில் சுமார் 38.9 கோடி எழுத்துகள் கொண்டது. எழுத்துகள் நான்கே நான்குதான்: ஏ, சி, ஜி, டி. அந்த நீளத்துக்குள் ஏறக்குறைய 40,000 மரபணுக்கள் இருக்கின்றன. வேரில் வேலை செய்யவேண்டிய மரபணு கதிரில் சும்மா இருக்கவேண்டும். வெயில் கொளுத்தும்போது விழிக்கவேண்டியது மழையில் உறங்கவேண்டும். மடை திறக்கிற வேலையைச் செய்யும் புரதங்களுக்குத்தான் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். நெல்லில் இவை சுமார் 2,000 இருக்கின்றன. மரபணுவுக்கு முன்னால் உள்ள புரோமோட்டர் பகுதியில் இந்தப் புரதம் சென்று பிடிக்கும் சின்னஞ்சிறு எழுத்துக்கோவையே பிணைப்பிடம். பெரும்பாலும் 6 முதல் 20 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும்.

இது முதலில் தெரியவந்தது பாக்டீரியாவில். 1961-இல் பாரிஸில் ழாக்கோபும் மோனோவும், மரபணுவை அடைத்துவைக்கும் ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று காட்டினார்கள். 1966-இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அது ஒரு புரதம் என்று பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 1973-இல் கில்பர்ட்டும் மாக்ஸமும் அந்தப் புரதம் பிடிக்கும் இடத்தின் 24 எழுத்துகளைப் படித்தார்கள். ஒரே ஒரு பிணைப்பிடத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். இன்று ஒரு கட்டுரையின் பின்னிணைப்பில் ஆயிரக்கணக்கான இடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் எது உறுதி, எது உத்தேசம் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதனால் விவசாயிக்கு என்ன பயன்? நேராகச் சொல்லுங்கள்.

பெரியவர் ஒருவர், வயலில் இலை கருகிக்கொண்டிருந்த நாளில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் வயலை வைத்தே பதில் சொன்னேன்.

பாக்டீரியா இலைக் கருகலை உண்டாக்கும் கிருமி நெல்லின் செல்லுக்குள் தன்னுடைய புரதங்களைச் செலுத்துகிறது. அவற்றில் சில, நெல்லின் சொந்தப் படியெடுப்புக் காரணிகளைப் போல வேடம் போடுகின்றன. அவை நெல்லின் டிஎன்ஏவில் ஒரு பிணைப்பிடத்தைப் பிடித்து, சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே கொண்டுவிடும் ஒரு மரபணுவைத் திறந்துவிடுகின்றன. அந்த மரபணுவின் பெயர் ஸ்வீட்11. வெளியே வரும் சர்க்கரையில் கிருமி பெருகுகிறது. பயிர் தன் மடையைத் திருடன் கையில் கொடுத்துவிட்ட கதை இது.

எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்புத்திறன் கொண்ட நெல்லில் இந்த ஸ்வீட்11 மரபணுவின் புரோமோட்டர் மாறியிருக்கிறது. கிருமியின் புரதம் வந்து தேடுகிறது, பிடிக்க இடமில்லை, நோய் நிற்கிறது. எக்ஸ்ஏ27 என்ற இன்னொரு மரபணுவின் கதை இதற்கு நேர்மாறு. நோய் தாங்கும் நெல்லிலும் தாங்காத நெல்லிலும் அந்த மரபணு உருவாக்கும் புரதம் ஒன்றேதான் என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறுபாடு முழுவதும் புரோமோட்டரில். தாங்கும் நெல்லில் கிருமியின் புரதம் அந்த இடத்தைப் பிடித்ததும், பயிரின் தற்காப்பு மரபணு திறந்துகொள்கிறது. கிருமி தன் கையாலேயே மாட்டிக்கொள்கிறது.

நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கிற பிபிடி 5204, ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவான சம்பா மசூரி. அதில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து, ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளியானது. மூன்றில் ஒன்று, ஒரு பிணைப்பிடத்தில் நிகழ்ந்த மாற்றம்தான் என்பதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "அப்படியானால் மற்ற மடைகளையும் எழுதிவையுங்கள்" என்றார். எங்கள் தரவுத்தளம் ரகம் உருவாக்காது. ரகம் உருவாக்குகிறவர் தேடிவந்தால் அவர் கையில் நம்பகமான பட்டியலைக் கொடுக்கும்.

டிரான்ஸ்ஃபாக், ஜாஸ்பர் போன்ற பெரிய தரவுத்தளங்கள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி. டிரான்ஸ்ஃபாக்கின் வேர், ஜெர்மனியின் விங்கெண்டர் 1988-இல் அச்சில் வெளியிட்ட ஒரு தொகுப்பு. இன்று அதன் முழுப் பதிப்புக்குக் கட்டணம் உண்டு. ஜாஸ்பர் 2004 முதல் வெளிவருகிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஈ. கோலை பாக்டீரியா ஒன்றுக்காகவே 1998 முதல் மெக்ஸிகோவில் நடந்துவரும் ரெகுலான்டிபி எங்களுக்கு முன்மாதிரி. ஓர் உயிரியை எடுத்துக்கொண்டு அதைப் பல்லாண்டு விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை அதைப் பார்த்துத்தான் கற்றோம்.

ஜாஸ்பரிடம் "இந்தக் காரணி எத்தகைய எழுத்துகளை விரும்புகிறது?" என்று கேட்டால் அருமையான விடை கிடைக்கும். "ஸ்வீட்11 மரபணுவுக்கு முன்னால் எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை, எந்தப் புரதம், எந்தச் சோதனையில், எந்த ரகத்தில், எந்தத் திசுவில் பிடித்தது?" என்று கேட்பவருக்கு வேறு வகைப் பதிவு வேண்டும். முதலாவது விருப்பத்தைச் சொல்கிறது, இரண்டாவது நடந்ததைச் சொல்கிறது. நாங்கள் இரண்டாவதைச் செய்கிறோம். ஒரு காரணி விரும்பும் எழுத்துகளின் மாதிரிக் கோவை வேண்டியவர்களை ஜாஸ்பருக்கே அனுப்பிவைக்கிறோம்.

ஒரு பதிவு எப்படி உருவாகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கள் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யமுடியும்.

ஒரு கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. முதலில் சுருக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் படங்களுக்குப் போகிறோம். ஜெல் நகர்வுச் சோதனையின் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1981 முதல் புழக்கத்தில் உள்ள எளிய சோதனை இது. அடையாளமிட்ட சிறு டிஎன்ஏ துண்டை ஜெல்லில் ஓடவிடுகிறார்கள். தனியாக ஓடினால் அடியில்போய்ச் சேரும். புரதம் பிடித்துக்கொண்டால் பாரம் கூடி மேலேயே தங்கும். மேலே ஒரு பட்டை தெரிந்துவிட்டால் போதும் என்று முடித்துவிடக் கூடாது. அடுத்த வரிசையைப் பார்க்கவேண்டும்: அடையாளமிடாத அதே துண்டை அதிகமாகச் சேர்த்தபோது அந்தப் பட்டை மங்குகிறதா? அதற்கும் அடுத்த வரிசையில், பிணைப்பிடத்தின் எழுத்துகளை மாற்றிய துண்டைச் சேர்த்தபோது பட்டை மங்காமல் நிற்கிறதா? இரண்டும் இருந்தால்தான் புரதம் அந்த எழுத்துகளைத் தேடிப் பிடித்திருக்கிறது என்று எழுதுகிறோம். முதல் வரிசை மட்டும் இருந்தால், சான்றின் வலிமை என்ற கட்டத்தில் ஒரு படி குறைத்துப் போடுகிறோம்.

பிறகு துண்டின் எழுத்துகளைத் தேடவேண்டும். அநேகமாகப் பின்னிணைப்பின் பிரைமர் அட்டவணையில், அதாவது சோதனைக்கு எடுத்த சிறு டிஎன்ஏ துண்டுகளின் பட்டியலில், சிறிய எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்த எழுத்துகளை அப்படியே எடுத்து நெல் மரபுத்தொகுதியில் தேடி, எந்தக் குரோமோசோமில் எந்த எண்ணில் இருக்கிறது என்று நாங்களே கண்டுபிடிக்கிறோம். கட்டுரை சொல்லும் எண்ணை மட்டும் நம்புவதில்லை.

ஏன் என்றால், எங்கள் மாணவி ஒருத்தி ஒரு கட்டுரையில் "மைனஸ் 210" என்று இருந்த இடத்துக்குப் போனாள். அங்கே அந்த எழுத்துகளே இல்லை. தான்தான் தவறாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறாள். "அம்மணி, அவர்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று பார்" என்றேன். படியெடுப்பு, அதாவது மரபணுவை ஆர்என்ஏவாக நகலெடுப்பது, தொடங்கும் எழுத்திலிருந்து எண்ணுவது ஒரு வழக்கம். புரதத்தின் முதல் குறியீடான ஏ-டி-ஜியிலிருந்து எண்ணுவது இன்னொரு வழக்கம். இரண்டுக்கும் நடுவில் பல நூறு எழுத்துகள்கூட இருக்கலாம். கட்டுரை எதிலிருந்து என்று சொல்லவே இல்லை. எழுத்துக்கோவையைத் தேடியபோது, ஏ-டி-ஜியிலிருந்து சரியாக 210-இல் அது இருந்தது. போதாததற்கு, இந்தக் கணக்கில் பூஜ்யம் என்ற இடம் கிடையாது. பிளஸ் 1-க்கு முந்தையது மைனஸ் 1. அன்றிலிருந்து "எங்கிருந்து எண்ணியது" என்று ஒரு தனிக் கட்டம் வைத்துவிட்டோம். அது காலியாக இருந்தால் பதிவு உள்ளே போகாது.

இருவரும் எழுதி முடித்ததும் ஒப்பிடுகிறோம். ஒத்துப்போனால் பதிவு. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் கட்டுரையைத் திறக்கிறார். அப்படியும் தீராவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுகிறோம்.

ஒரே மரபணுவுக்கு இரண்டு மூன்று எண்கள் காட்டுகிறீர்களே, ஏன்?

நில ஆவணம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் பகுதிப் பத்திரங்களில் பழைய சர்வே எண் ஒன்று, ரீசர்வே எண் ஒன்று என இரண்டும் வரும். 1956-இல் கேரளம் உருவாகும்வரை பாலக்காடு சென்னையின் கீழிருந்த மலபாரைச் சேர்ந்தது; சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்து பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக்குப் போனது. வயல் அதே வயல். அதைக் குறிக்கிற ஏடுகள் வேறு வேறு.

நெல்லின் முழு வரிசை 2005-இல் வெளியானது. இந்தியாவும் சேர்ந்து உழைத்த சர்வதேசத் திட்டம் அது. 11-ஆம் குரோமோசோமில் நம் நாட்டு ஆய்வகங்களுக்குப் பங்கு உண்டு. பின்னர் 2013-இல் திருத்திய தொகுப்பு வந்தது. மரபணுக்களுக்கு எண் கொடுக்கும் முறையும் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது, ஒன்று ஜப்பானில், மற்றொன்று அமெரிக்காவில். மேலே சொன்ன ஸ்வீட்11-ஐ ஜப்பானிய முறை ஓஎஸ்08ஜி0535200 என்கிறது. அமெரிக்க முறை எல்ஓசி_ஓஎஸ்08ஜி42350 என்கிறது. இதே மரபணுவை ஒரு கட்டுரை எக்ஸ்ஏ13 என்று எழுதும், இன்னொன்று ஓஎஸ்8என்3 என்று எழுதும், அண்மைக் கட்டுரைகள் ஸ்வீட்11ஏ என்று எழுதுகின்றன. பெயரை மட்டும் நம்பித் தொகுத்தால் ஒரு மரபணு நான்காகிவிடும்.

ஆகவே எல்லாப் பெயர்களையும் எண்களையும் ஒரு தனி அட்டவணையில் வைத்து, ஒன்றை மட்டும் தலைமை எண்ணாகக் கொள்கிறோம். அதோடு, ஒவ்வொரு பிணைப்பிடத்துக்கும் இருபுறமும் 30 எழுத்துகளைச் சேர்த்தே பதிகிறோம். பத்திரத்தில் சக்குபந்தி எழுதுவதில்லையா, அதுபோல. வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால் என்று எழுதியிருந்தால் சர்வே எண் எத்தனை முறை மாறினாலும் வயலைக் கண்டுபிடித்துவிடலாம். நாளைக்குப் புதிய தொகுப்பு வந்து எல்லா எண்களும் நகர்ந்தாலும், இந்தச் சக்குபந்தி எழுத்துகளைக் கொண்டு இடத்தைத் திரும்ப நிறுத்திவிடலாம். தரவுத்தளம் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண்ணை மட்டும் வைக்காதீர்கள், எழுத்துகளையும் வையுங்கள்.

ரகத்தையும் கட்டாயம் எழுதுங்கள். எல்லோரும் ஒப்பிடும் தொகுப்பு ஜப்பானிய ரகமான நிப்பான்பாரேயுடையது. சோதனை ஐஆர் 64 என்ற வேறொரு ரகத்தில் நடந்திருக்கலாம். இரண்டுக்கும் புரோமோட்டரில் எழுத்துகள் மாறக்கூடும் என்பதற்கு எக்ஸ்ஏ27-ஐவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் கோப்பில் உள்ள இடங்கள் என் கோப்பில் ஓர் எழுத்து தள்ளி வருகின்றன. யார் தவறு?

யாருடைய தவறும் அல்ல. ஒரு வரப்பில் ஆறு தென்னை நிற்கிறது என்றால் மரத்தை எண்ணுகிறவர் ஒன்று முதல் ஆறு என்பார். மரங்களுக்கு இடையிலும் இரு முனைகளிலும் உள்ள குத்துக்கால்களை எண்ணுகிறவர் பூஜ்யத்தில் தொடங்கி ஆறில் முடிப்பார். டிஎன்ஏவில் உள்ள இடங்களை எழுதிவைக்கும் கோப்பு வடிவங்களில் ஜிஎஃப்எஃப் ஒன்று, பெட் இன்னொன்று. ஜிஎஃப்எஃப் கோப்பு மரத்தை எண்ணுகிறது. பெட் கோப்பு குத்துக்காலை எண்ணுகிறது. பெட்டில் 1000, 1006 என்று இருப்பது ஜிஎஃப்எஃப்பில் 1001 முதல் 1006 வரை. இரண்டிலும் நீளம் ஆறே. தொடக்கத்தில் நாங்களும் இரண்டையும் கலந்து ஒரு தொகுதிப் பதிவுகளை முழுவதுமாக மறுபடி செய்யவேண்டி வந்தது. இப்போது உள்ளே ஜிஎஃப்எஃப் கணக்கு மட்டும். வெளியே கொடுக்கும்போது நீங்கள் கேட்கும் வடிவில் மாற்றித் தருகிறோம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் இழை. டிஎன்ஏ எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு இழைகளால் ஆனது; ஒன்றில் ஏ இருந்தால் எதிரில் டி, சி இருந்தால் எதிரில் ஜி. ஜி-பெட்டி எனப்படும் சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற கோவையை எதிர் இழையில் படித்தாலும் சி-ஏ-சி-ஜி-டி-ஜியே வரும். ஒருவர் மேல் இழை என்றும் மற்றவர் கீழ் இழை என்றும் எழுதினால் ஓரிடம் இரண்டு பதிவாகும். இத்தகைய இருபுறம் ஒக்கும் கோவைகளுக்கு எப்போதும் மேல் இழை என்று விதி வைத்திருக்கிறோம்.

கணினியில் தேடினால் லட்சக்கணக்கில் கிடைக்குமே. அவற்றையும் சேர்க்கலாமே?

இந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் சேர்க்கமாட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வொர்க்கி என்ற குடும்பத்துக் காரணிகள் டபிள்யூ-பெட்டி எனப்படும் கோவையைப் பிடிக்கின்றன. அதன் நடுக்கரு டி-டி-ஜி-ஏ-சி, ஐந்து எழுத்து. நான்கு எழுத்தும் சம அளவில் சிதறியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்தெழுத்துக் கோவை 1,024 எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். இரண்டு இழையையும் பார்த்தால் 512-க்கு ஒருமுறை. 38.9 கோடியை 512-ஆல் வகுத்தால் சுமார் 7.6 லட்சம். மரபணுக்களோ 40,000. இந்த 7.6 லட்சத்தில் பெரும்பாலானவற்றை எந்தப் புரதமும் தொடுவதே இல்லை. சில இடங்கள் இறுகச் சுருட்டிய டிஎன்ஏவுக்குள் மறைந்திருக்கின்றன, சிலவற்றுக்குத் துணைப் புரதம் இல்லை. நெல்லில் வொர்க்கி குடும்பத்துக்குள் மட்டும் நூறை ஒட்டிய காரணிகள் இருப்பதால், பிடித்தாலும் பிடித்தது யார் என்று எழுத்துகளைப் பார்த்துச் சொல்லமுடியாது.

ஊர் முழுவதும் பள்ளமான இடத்தையெல்லாம் கிணறு என்று வரைபடத்தில் குறித்துவிட்டால், தாகத்தோடு வருகிறவர் எங்கே போவார்? சாட்சி இல்லாத இடம் எங்கள் பட்டியலில் நுழையாது. சோதித்துப் பார்த்து "பிடிக்கவில்லை" என்று தெரிந்த இடங்களை மட்டும் தனியாகச் சேர்க்கிறோம். அவற்றை யாரும் தொகுப்பதில்லை, ஆனால் அடுத்த ஆய்வாளர் அதே சோதனையில் ஆறு மாதம் இழக்காமலிருக்க அவை தேவை.

எடை அட்டவணை என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது என்ன?

பிடித்த இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கணக்குக்காக, ஒரு காரணிக்குப் பத்து இடங்கள் கிடைத்தன என்று கொள்வோம். முதல் எழுத்து பத்திலும் டி. ஆறாவது எழுத்து ஆறில் சி, நான்கில் டி. "ஆறாவது சி" என்று எழுதினால் நான்கு இடங்களை இழக்கிறோம். "சி அல்லது டி" என்று எழுதினால் எது அதிகம் என்பதை இழக்கிறோம். எனவே ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பெண் கொடுக்கிறோம். அந்த எழுத்து வந்த விகிதத்தை, தற்செயலாக வரக்கூடிய விகிதமான காலால் வகுத்து, இரண்டின் அடிமான மடக்கை எடுக்கவேண்டும்.

ஏ ஒருமுறைகூட வரவில்லை என்றால் பூஜ்யத்துக்கு மடக்கை எடுக்கவேண்டிய நிலை வரும். அதைத் தவிர்க்க, நான்கு எழுத்துக்கும் ஆளுக்குக் கால் வீதம் சேர்த்து, பத்தைப் பதினொன்றாக்குகிறோம். அப்போது ஆறாவது இடத்தில் சி 1.18 பெறும், டி 0.63 பெறும், ஏ மைனஸ் 3.46-க்குப் போகும். முதல் இடத்தில் டி 1.90. ஒரு கோவையின் எழுத்து மதிப்பெண்களைக் கூட்டினால் அது எவ்வளவு பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். 1990-இல் ஷ்னைடரும் ஸ்டீஃபன்ஸும் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கினார்கள்: உறுதியான இடத்தில் எழுத்து உயரமாக நிற்கும், ஊசலாடும் இடத்தில் குள்ளமாகிவிடும். பள்ளி மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் விளக்கமே தேவைப்படுவதில்லை.

பத்துக்கும் குறைவான இடங்கள் உள்ள காரணிக்கு அந்தப் பொத்தான் வராது. குறை என்று நினைக்காதீர்கள். போதிய சான்று சேராமல் மதிப்பெண் காட்டுவது சரியல்ல என்று நாங்கள் எடுத்த முடிவு.

சிப்-சீக் முடிவுகளை ஏன் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள்?

2007 முதல் பரவிய இந்த முறை, உயிருள்ள செல்லில் புரதம் அமர்ந்திருந்த இடங்களை மரபுத்தொகுதி முழுவதற்கும் ஒரே சோதனையில் சொல்கிறது. மிகப் பெரிய கொடை. ஆனால் அது காட்டும் மேடு சில நூறு எழுத்து அகலமானது. பிணைப்பிடமோ பத்து எழுத்து. "அந்தச் சர்வே எண்ணுக்குள் கிணறு இருக்கிறது" என்று சாட்சி சொல்வதும், கிணற்றின் மேல் விரல்வைத்துக் காட்டுவதும் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் படிக்கிறவர் ஏமாறுவார்.

என்ன மென்பொருள்? எவ்வளவு செலவாகும்?

தரவைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ், நிரல் எழுதப் பைத்தான், மாதிரிக் கோவைகளைக் கையாளப் பயோபைத்தான். எல்லாம் இலவசம். முழுத் தரவும் ஒரு பென்டிரைவில் தாராளமாக அடங்கும். சிறிய வாடகை சர்வர் போதும்.

அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். காரணி, பிணைப்பிடம், சான்று, கட்டுரை என்று நான்கையும் தனித்தனியாக வையுங்கள். சான்றைப் பிணைப்பிடத்தோடு ஒரே வரியில் எழுதிவிட்டால், அதே இடத்துக்கு இரண்டாவது சோதனை வரும்போது இடம் இருக்காது. வரியை நகல் எடுப்பீர்கள், பிறகு எது எதன் நகல் என்று தெரியாது. தனியே வைத்தால் ஓரிடத்துக்கு எத்தனை சாட்சி வேண்டுமானாலும் சேரலாம்.

இன்னொன்று, தளம் ஒருநாள் நின்றுபோனாலும் தரவு நிற்கக்கூடாது. நான் படிக்கும் காலத்தில் நம்பியிருந்த ஒரு தொகுப்பு, நடத்தியவருக்கு நிதி முடிந்ததும் ஒரு காலையில் இல்லாமல் போயிற்று. பல ஆண்டு உழைப்பின் பிரதிகூட யாரிடமும் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இந்த ஏற்பாடு: ஒவ்வொரு வெளியீட்டையும் சாதாரண உரைக்கோப்பாக்கி செனோடோவில் வைத்துவிடுகிறோம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் பொதுக் களஞ்சியம் அது; ஒவ்வொரு கோப்புக்கும் நிலையான அடையாள எண் தருகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்.

விளக்கங்களை ஏன் தமிழில் எழுதுகிறீர்கள்? ஆராய்ச்சி ஆங்கிலத்தில்தானே நடக்கிறது?

மரபணுப் பெயர்களும் எண்களும் உலகம் முழுவதும் உள்ளபடியேதான் தரவுக்குள் இருக்கின்றன. விளக்கம் மட்டும் தமிழில். எங்கள் மாணவர்கள் பத்தாம் வகுப்புவரை கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரியில் ஆங்கிலப் பாடநூல், மலையாளத்தில் விரிவுரை. மூன்று மொழிக்கு நடுவில், புரியவில்லை என்று சொல்லவே கூச்சப்பட்டு அமைதியாகிவிடுகிற பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஜெல் படத்தில் எந்தப் பட்டை ஏன் மங்குகிறது என்று ஒருமுறை தாய்மொழியில் பேசிவிட்டால், அதே பிள்ளை ஆங்கிலக் கட்டுரையின் பின்னிணைப்பைத் தானே திறக்கிறாள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு கட்டுரைகளைப் படித்துப் பதிவு செய்துவிடாதா?

எந்தக் கட்டுரையைத் திறக்கலாம் என்று சலித்தெடுக்க நாங்களும் பயன்படுத்துகிறோம். ஜெல் வரிசையை மனிதக் கண் பார்க்காமல் எந்தப் பதிவும் வெளியாகாது. கட்டுரை சொல்லாமல் விட்டதை ஊகத்தால் நிரப்புவதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. "மைனஸ் 210" எங்கிருந்து என்று கட்டுரை சொல்லவில்லை. அப்படியானால் கட்டம் காலியாக இருக்கவேண்டும், யாராவது போய்த் தேடவேண்டும்.

தவறு கண்டுபிடித்தால் என்ன செய்வது?

பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். திருத்துவோம்; பழைய பதிவை அழிக்கமாட்டோம். எப்போது, ஏன் மாறியது என்ற வரலாறு பதிவின் அடியிலேயே இருக்கும். பழைய பதிவை நம்பி யாராவது கட்டுரை எழுதியிருந்தால் அவருக்கு அது தேவை.

நானும் சேர விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பட்டம் கேட்கமாட்டோம். கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சனிக்கிழமை மதியம் நேரில் வரலாம். தொலைவில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். முதலில் ஒரே ஒரு கட்டுரை தருவோம், ஏற்கெனவே நாங்கள் பதிந்து முடித்தது. அதில் உள்ள ஒரு ஜெல் படத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் என்ன சேர்த்திருக்கிறார்கள், பட்டை எங்கே நிற்கிறது, எங்கே மங்குகிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிரைமர் அட்டவணையில் அந்தத் துண்டின் எழுத்துகளையும் தேடி வையுங்கள். நாங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பேசுவோம். இரண்டாவது கட்டுரை இதுவரை யாரும் பதியாததாக இருக்கும்.